மரை கழன்ற கதை

சென்ற தீபாவளிக்கு மாமா வீட்டுக்கு வந்திருந்தார். சிங்கப்பூரின் செம்பவாங் கப்பல் பட்டறையில் நாற்பது ஆண்டு டர்னராக, அதாவது இரும்பைக் கடைபவராக, இருந்தவர். முன்பு பிரிட்டிஷ் கடற்படையின் பட்டறையாக இருந்தது அது. 1968இல் கைமாறிச் சில ஆண்டுகள் கழித்து வேலையில் சேர்ந்தார். ஒரு கையில் முறுக்கோடு என் லேத்தின், அதாவது கடைசல் இயந்திரத்தின், முன் வந்து நின்றார். மறு கையால், கடைய வேண்டிய இரும்பைப் பிடித்துக்கொள்ளும் சக்கைச் சுற்றிவிட்டுக் காதைச் சாய்த்துக் கேட்டார். கருவியைக் குறுக்கே நகர்த்தும் கிராஸ் ஸ்லைடைப் பிடித்து ஆட்டிப் பார்த்தார். நான் சுவிட்சைப் போட்டுக் காட்டினேன், பிறகு அணைத்தும் காட்டினேன். "நிக்கிறதுக்கு எவ்வளவு நேரம்டா ஆவுது?" என்றார். அந்தக் கேள்விக்காகவே காத்திருந்தவன் மாதிரி, "அரை செகண்டு மாமா" என்றேன். "முன்னாடி?" "அது பாட்டுக்கு நாலஞ்சு செகண்டு ஓடிட்டுத்தான் நிக்கும்." "ஓ" என்றார். அவ்வளவுதான். இன்னொரு முறுக்கை எடுத்துக்கொண்டு கூடத்துக்குப் போய்விட்டார்.

அந்த "ஓ" என்னை விடவில்லை. அதில் பாராட்டும் இல்லை, குறையும் இல்லை. மூன்று வாரம் கழித்து நடந்த ஒரு காரியத்துக்குப் பிறகு, அது ஒரு எச்சரிக்கை என்று எனக்கு நானே முடிவு கட்டிக்கொண்டேன். அந்த முடிவும் பாதிதான் சரி. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

வெடிகுண்டு அறையில் ஒரு லேத்

லேத் ஒரு மைஃபோர்ட் எம்எல்7. இங்கிலாந்தில் நாட்டிங்ஹாமுக்குப் பக்கத்தில் பீஸ்டன் என்ற ஊரில், 1946இலிருந்து இந்த மாடலைச் செய்தார்கள். அந்த ஆலையை 2011இல் மூடிவிட்டார்கள். டிஃபு லேன் பக்கம் ஒரு தவுக்கே (முதலாளி) தன் பட்டறையைக் காலி செய்தபோது, பழைய இரும்புக்காரரின் லாரியில் ஏறுவதற்கு அரை நாள் முன்னால் எனக்குக் கிடைத்தது. ஏறக்குறைய நூறு கிலோ. பெட் (நீளமான அடித்தளம்) தனி, ஹெட்ஸ்டாக் (சக்கைச் சுற்றும் தலைப்பகுதி) தனி, மோட்டார் தனி என்று கழற்றி, மூன்று நண்பர்கள் சேர்ந்து நான்கு தடவை லிஃப்டில் ஏற்றினோம். எதிர்வீட்டுச் சீனப் பாட்டி கதவைத் திறந்து பார்த்துவிட்டு, என்ன என்று கேட்காமலே மூடிக்கொண்டார். என் மனைவி கேட்டாள். "உங்களுக்கு மரை கிரை கழண்டுடுச்சா?"

வைத்த இடம் பாம்ப் ஷெல்டர், வீட்டுக்குள்ளேயே இருக்கும் வெடிகுண்டுப் பாதுகாப்பு அறை. 1990களின் பிற்பகுதிக்குப் பிறகு கட்டிய வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீடுகளில் வாழ்பவர்களுக்கு அந்த அறையைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. அரிசி மூட்டை, பயணப் பெட்டிகள், ஓடாத காற்றாடி எல்லாம் அடைந்து கிடக்கும் கான்கிரீட் பெட்டி. சுவரில் இஷ்டத்துக்குத் துளை போட முடியாது, காற்றுத் துவாரத்தை அடைக்கவும் கூடாது. ஆனால் கனத்த சுவரும் இரும்புக் கதவும் சத்தத்தை வெளியே விடுவதில்லை. கீழ்வீட்டுக்காரரிடம் ஒருநாள் "மேலே ஏதாவது சத்தம் கேட்குதா?" என்றேன். "உங்க பையன் பந்து விளையாடுறதுதான் கேட்குது" என்றார். அப்படியிருந்தும் இரவு ஒன்பதுக்கு மேல் நான் சுவிட்சைத் தொடுவதில்லை.

துருவைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. நம் ஊர் ஈரப்பதத்துக்கு, எண்ணெய் காணாத இரும்பு ஒரே வாரத்தில் காவி கட்டிவிடும். பல் சக்கரங்களை வாஷிங் சோடா கரைத்த தண்ணீரில் தொங்கவிட்டு, பழைய இரும்புத் தகடு ஒன்றை எதிரில் நேர்மின் முனையாக வைத்து, கார் பேட்டரி சார்ஜரை இரவு முழுக்க ஓடவிட்டால் துரு கருஞ்சேறாக உதிர்ந்துவிடும். துருப்பிடிக்காத எஃகைத் தகடாகப் போட்டுவிடாதீர்கள். தண்ணீரில் குரோமிய நஞ்சு இறங்கும். கதவையும் திறந்தே வையுங்கள், கிளம்பும் குமிழி ஹைட்ரஜன். இந்த வேலைக்கு எந்த வாளி பயன்பட்டது என்பதை மட்டும் வீட்டில் சொல்லாதீர்கள்.

அப்புறம் பெயிண்ட். பெயிண்ட் அடித்துவிட்டால் லேத் சரியாகிவிட்டது என்று நம்பும் ஒரு கூட்டம் இருக்கிறது. நானும் முதல் இரண்டு மாதம் அந்தக் கூட்டத்தில்தான் இருந்தேன். பட்டறைக்காரர் அடித்த பச்சைக்குக் கீழே இன்னொரு பச்சை, அதற்குக் கீழே ஆலையின் சாம்பல். எல்லாவற்றையும் சுரண்டி, தேய்த்து, மூன்று பூச்சு அடித்து, படமெடுத்து நண்பர்களுக்கு அனுப்பினேன். கட்டைவிரல்கள் குவிந்தன. அதன்பின் ஒரு எஃகுத் தண்டைக் கடைந்து மைக்ரோமீட்டரை வைத்தபோதுதான் தெரிந்தது, ஒரு முனைக்கும் மறு முனைக்கும் விட்டம் ஒத்துப்போகவில்லை. அந்த மைக்ரோமீட்டர், 2017 ஜூலையில் மூடுவதற்கு முன் சுங்கை ரோடு திருட்டுச் சந்தையில் எட்டு வெள்ளிக்கு வாங்கியது. அதைத்தான் முதலில் சந்தேகப்பட்டேன். பாவம், அது சரியாகத்தான் இருந்தது.

மாமா தோற்ற இடம்

தேய்ந்திருந்தது பெட். கருவியைத் தாங்கிப் பெட்டின் மேல் ஓடும் கேரேஜ் காலங்காலமாக ஹெட்ஸ்டாக்குக்குப் பக்கத்திலேயே ஓடிக்கொண்டிருப்பதால், முன் தண்டவாளத்தின் பக்கவாட்டு முகங்கள் அந்த இடத்தில் மட்டும் குறைந்திருந்தன. மறு முனையோடு ஒப்பிட்டால் 4 தவ் (அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு ஒரு தவ்), அதாவது 0.1 மில்லிமீட்டர். கேட்க அற்பமாக இருக்கும். ஆனால் தேய்ந்த இடத்தில் கேரேஜ் ஆடாமல் இருக்க திருகை இறுக்கினால், தேயாத முனைக்குப் போனதும் அது அசைய மறுக்கிறது. அங்கே ஓடும்படி தளர்த்தினால் இங்கே ஆடுகிறது. மாமாவிடம் போனில் சொன்னேன். "பெட்டைக் கழட்டி கிரைண்டிங்குக்குக் குடு. வேற வழியே இல்ல" என்றார். விசாரித்த இரண்டு பட்டறைகளும் சொன்ன தொகை, லேத்துக்கு நான் கொடுத்த விலையைப் போல மூன்று மடங்கு.

வேறு வழி இருந்தது. இந்த லேத்தில் கேரேஜுக்கு வழிகாட்டுவது முன் தண்டவாளத்தின் இரண்டு பக்க முகங்கள். பின் தண்டவாளத்தின் பின்பக்க முகம் ஒன்று இருக்கிறது. ஆலையில் நேராக இழைத்து விட்டதோடு சரி, அதன்மேல் எதுவும் உரசியதே இல்லை. அத்தனை வருடமாகச் சும்மா இருந்த முகம் அது. கேரேஜின் அடியில் சரியான கனத்தில் ஒரு எஃகுப் பட்டையைப் பசையும் திருகும் வைத்துப் பொருத்தி, அந்த முகத்தின் மேல் ஓடும்படி செய்துவிட்டால் தேய்ந்த முகத்துக்கு வேலையே இல்லை. மைஃபோர்ட்காரர்களே பின்னாளில் தங்கள் லேத்துகளை இந்த அகலமான வழிகாட்டிக்கு மாற்றினார்கள். எனக்கு ஆன செலவு ஒரு துண்டு எஃகும் இரண்டு சனிக்கிழமையும். பட்டையின் கனத்தைச் சரிபார்க்க, டயல் கேஜை வைத்துத் தேய்ப்பதும் பார்ப்பதுமாக, ஒரு தவ்வுக்காக ஒரு மாலை முழுக்கப் போனது. முடித்தபின் கேரேஜ் இந்த முனையிலிருந்து அந்த முனைவரை ஒரே கனத்தில், வெண்ணெயில் கத்தி போல, போயிற்று. மாமாவுக்கு வீடியோ அனுப்பினேன். "பாப்போம்" என்று பதில் வந்தது. அவர் அகராதியில் அதற்குத் தோல்வியை ஒப்புக்கொண்டார் என்று பொருள்.

அந்த வெற்றிதான் என்னைக் கெடுத்தது என்று இப்போது தோன்றுகிறது. பெட்டைச் சரிசெய்தபோது லேத்திடம் கேட்டுக் கேட்டுச் செய்தேன். எது தேய்ந்தது, எது தேயவில்லை, எந்த முகம் சும்மா இருக்கிறது என்று. அடுத்த வேலையில் நான் எதையும் கேட்கவில்லை.

அரை நொடி

அடுத்த வேலை மோட்டார். அதோடு வந்தது ஒற்றை ஃபேஸ் மோட்டார். தொடங்கும்போது ஒரு உறுமல், வேகம் மாற்ற ஒவ்வொரு தடவையும் மூடியைத் திறந்து பெல்ட்டை இடம் மாற்ற வேண்டும். அதை எடுத்துவிட்டு, அரைக் குதிரைச் சக்தி மூன்று ஃபேஸ் மோட்டாரும் அதை ஓட்ட, வேகத்தைக் கட்டுப்படுத்தும் மின்னணுப் பெட்டியான ஒரு விஎஃப்டியும் வாங்கினேன். மோட்டாரின் இணைப்புப் பெட்டியில் பித்தளைப் பட்டைகளை ஸ்டாரிலிருந்து டெல்டாவுக்கு மாற்றினால், வீட்டின் 230 வோல்ட்டே போதும். ஒரு குமிழைத் திருப்பினால் வேகம் கூடுகிறது, குறைகிறது. ஒரு பொத்தானை அழுத்தினால் பின்னோக்கிச் சுற்றுகிறது. முதல் நாள் ஒன்றும் கடையாமல் அதைத் திருகிக்கொண்டே ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன்.

முதல் அடி மீனுக்கு விழுந்தது. விஎஃப்டியின் உள்ளே இருக்கும் வடிகட்டி, எர்த் கம்பி வழியாகக் கொஞ்சம் மின்சாரத்தை எப்போதும் கசியவிட்டுக்கொண்டே இருக்கும். கசிவைக் கண்டால் மின்சாரத்தைத் துண்டிக்க வீட்டில் இருக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபிக்கு அது பிடிக்காது. தனியாக இருந்தால் பொறுத்துக்கொள்ளும். துணி துவைக்கும் இயந்திரம், தண்ணீர் ஹீட்டர் என்று மற்றவையும் ஆளுக்குக் கொஞ்சம் கசிந்தால் கணக்கு நிரம்பி, படக்கென்று வீடே அணைந்துவிடும். நாங்கள் மலாக்காவுக்கு இரண்டு நாள் போயிருந்தபோது, பிளக்கை எடுக்காமல் வந்துவிட்டேன். திரும்பி வந்து கதவைத் திறந்ததுமே தெரிந்துவிட்டது. தேக்காவில் வாங்கி ஃபிரீசரில் வைத்திருந்த வஞ்சிரம் முழுக்க நாசம். அதற்குப் பிறகு வேலை முடிந்ததும் பிளக்கைப் பிடுங்கி, கண்ணில் படும்படி சக்கின் மேல் போட்டு வைப்பது வழக்கமாயிற்று.

சரி, அது மீனோடு போயிற்று. விஷயத்துக்கு வருகிறேன். விஎஃப்டியில் எத்தனை நொடியில் நிற்க வேண்டும் என்று சொல்ல ஓர் எண் இருக்கிறது. வாங்கியபோது அது 5. நான் 3 ஆக்கினேன், பிறகு 2. ஒவ்வொரு தடவையும் ஒரு சின்னப் பெருமை. தீபாவளிக்கு முந்தின வாரம், மோட்டாரைச் சட்டென்று நிறுத்த உதவும் ஒரு பிரேக் ரெசிஸ்டரையும் வாங்கி மாட்டி, 0.5 என்று வைத்தேன். மாமாவுக்குக் காட்டியது அதைத்தான். அன்று மாட்டியிருந்தது சின்ன மூன்று தாடை சக், வேகமும் குறைவு.

மூன்று வாரம் கழித்து ஒரு ஞாயிறு மதியம். ஒரு வார்ப்பிரும்பு வளையத்தைக் கடைய, கனமான நான்கு தாடை சக்கைக் கையால் திருகி மாட்டியிருந்தேன். இந்த லேத்தில் சக் போல்ட் போட்டு நிற்பதில்லை. சக்கைச் சுற்றும் தண்டான ஸ்பிண்டிலின் மூக்கில் ஒன்றேகால் அங்குலத்துக்குச் சற்றுக் குறைவான விட்டத்தில், அங்குலத்துக்கு 12 மரை வெட்டியிருக்கும். சக் அதில் பாட்டில் மூடி மாதிரி திருகி ஏறும். கடையும்போது கருவியின் எதிர்ப்பு சக்கைப் பின்னுக்குத் தள்ளுவதால் மரை தானாக இறுகிக்கொண்டே போகும். வேலை முடிந்தது. மெருகு பார்க்க வேகத்தை உச்சத்துக்குக் கொண்டுபோய் ஒரு தடவை ஓட்டினேன். நன்றாக வந்திருந்தது. சிவப்புப் பொத்தானை அழுத்தினேன்.

ஸ்பிண்டில் நின்றது. சக் நிற்கவில்லை. அதைப் புரிந்துகொள்ளவே எனக்கு நேரம் கிடைக்கவில்லை. ஆறேழு சுற்று மரைதான், அந்த வேகத்தில் ஒரு நொடிகூட இல்லை. கண்ணுக்குத் தெரிந்தது ஒன்றுதான்: சக்குக்கும் ஹெட்ஸ்டாக்குக்கும் நடுவே இல்லாத ஒரு இடைவெளி, அதில் எண்ணெய் பூசிய மரை பளபளவென்று நீண்டுகொண்டு வந்தது. அப்புறம் ணங்கென்று பெட்டின் மேல் விழுந்து, அங்கேயே ஒரு துள்ளு துள்ளி, சுற்றிக்கொண்டே தரையில் இறங்கி, டைலை உடைத்து, பாம்ப் ஷெல்டர் கதவில் மோதி நின்றது. அந்தக் கதவு அதற்கு முன்னும் பின்னும் சந்தித்த ஒரே தாக்குதல் அதுதான். என் கால் வழக்கமாக இருக்கும் இடத்துக்கும் டைல் உடைந்த இடத்துக்கும் ஒரு சாண். அன்று ஏதோ நினைவில் சற்றுத் தள்ளி நின்றிருந்தேன்.

மனைவி ஓடி வந்தாள். தரையில் கிடந்த சக்கைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "இப்ப நிஜமாவே கழண்டுடுச்சா?" என்றாள். குரல் நடுங்கியது. நான் சிரிக்கப் போய் உட்கார்ந்துவிட்டேன்.

இரண்டு வாரம் அந்த அறைக்குள் போகவில்லை. போகாத நாட்களில்தான் லேத்தைப் பற்றி அதிகம் யோசித்தேன். திருகு சக் மோசமான அமைப்பு என்று முதலில் கோபப்பட்டேன். மோசம் இல்லை. அதைச் செய்த காலத்தில் யாராலும் அந்த ஸ்பிண்டிலை அரை நொடியில் நிறுத்தியிருக்க முடியாது. அந்த மோட்டாருக்கு பிரேக் கிடையாது, அணைத்தால் தானாக ஓடி ஓய வேண்டும். அந்த மந்தம்தான் மரையின் பூட்டு. வழுக்குகிறதே என்று நான் திட்டிக்கொண்டிருந்த பெல்ட்டும் அப்படித்தான். கருவி சிக்கிக்கொண்டால் முதலில் விட்டுக்கொடுப்பது அது, உடையாமல் தப்பிப்பது பல் சக்கரம். ஸ்பிண்டில் சுற்றுவது வெள்ளை உலோக பேரிங்கில். மேலே இரண்டு கிண்ணத்திலிருந்து சொட்டுச் சொட்டாக எண்ணெய் இறங்கும். அதனால்தான் ஆலை வைத்த உச்ச வேகம் 600 சொச்சத்தோடு நின்றது. அதையும் விஎஃப்டியில் இரட்டிப்பாக்கலாம் என்று நான் ஒரு தாளில் கணக்குப் போட்டு வைத்திருந்தேன். அந்தத் தாள் இன்னும் மேசை இழுப்பறையில் இருக்கிறது. நான் குறை என்று குறித்துவைத்த ஒவ்வொன்றும் இன்னொன்றைக் காப்பாற்றிக்கொண்டிருந்தது.

இதற்காக விஎஃப்டியைப் பிடுங்கிப் போட்டுவிட்டேன் என்று நினைக்காதீர்கள். பழசென்றால் கும்பிடு போடும் ஆள் நானில்லை. உறுமாத மோட்டார் இந்த வீட்டில் நான் குடியிருக்க அவசியம். பிரேக் ரெசிஸ்டரைக் கழற்றினேன், நிற்கும் நேரத்தை 3 நொடிக்குக் கொண்டுபோனேன், உச்ச வேகத்துக்குப் பூட்டுப் போட்டேன், பின்னோக்கிச் சுற்றும் பொத்தானைச் செயலிழக்கச் செய்தேன். பெட்டில் விழுந்த பள்ளத்தைச் சுற்றி எழும்பியிருந்த விளிம்பை எண்ணெய்க் கல்லால் தேய்த்துச் சமமாக்கினேன். பள்ளம் அப்படியே இருக்கிறது.

பின்னோக்கிச் சுற்றுவதை விட்டதில் ஒரு சிக்கல் வந்தது. மரை வெட்டும்போது கேரேஜை நகர்த்தும் லீட் ஸ்க்ரூ அங்குலத்துக்கு 8 மரை. அதில் மில்லிமீட்டர் மரை வெட்டும்போது, கேரேஜ் அந்த ஸ்க்ரூவைப் பிடித்திருக்கும் பிடியை நடுவே விடக்கூடாது. விட்டால் மறுபடி அதே தடத்தில் விழாது. ஒவ்வொரு வெட்டுக்குப் பிறகும் ஸ்பிண்டிலையே பின்னோக்கிச் சுற்றித்தான் கேரேஜைத் தொடக்கத்துக்குக் கொண்டுவர வேண்டும். நண்பர் ஒருவர் தொலைநோக்கியில் கேமரா மாட்ட, 42 மில்லிமீட்டர் விட்டத்தில் 0.75 மில்லிமீட்டர் இடைவெளியில் மரை போட்ட வளையம் கேட்டிருந்தார். கடைசியில் ஸ்பிண்டிலின் பின்பக்கத் துளைக்குள் செருகி இறுக்கும்படி ஒரு கைப்பிடி செய்தேன். பெல்ட்டைத் தளர்த்திவிட்டு, கிணற்று ராட்டினம் மாதிரி கையால் சுற்றுவது. முன்னுக்கு ஏழு சுற்று, கருவியை வெளியே இழு, பின்னுக்கு ஏழு சுற்று. அலுமினியம் நூல் நூலாகச் சுருண்டு வருவது விரலுக்குத் தெரிகிறது. கருவி எங்கே மழுங்குகிறது என்பதுகூடக் கையில் தட்டுப்படுகிறது. சத்தமே இல்லை, இரவு பதினொன்றுக்கும் வெட்டலாம். இந்த லேத்துக்கு நான் செய்த மேம்பாடுகளில் எனக்கு அதிகம் பிடித்தது மின்சாரமே வேண்டாத அந்தக் கைப்பிடிதான். இதை வெளியே சொல்லக் கொஞ்சம் கூச்சமாகத்தான் இருக்கிறது.

பொங்கலுக்கு மாமா வந்தார். நேராக அறைக்கு அழைத்துப் போய் எல்லாவற்றையும் சொன்னேன். குனிந்து பெட்டின் பள்ளத்தை நகத்தால் தடவிப் பார்த்தார். "அன்னைக்கே உங்களுக்குத் தெரியும், இல்ல?" என்றேன். "எது?" "சக் கழலும்னு. அதான் நிக்க எவ்வளவு நேரம்னு கேட்டீங்க." அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். "எங்க யார்டுல எல்லாம் பெரிய லேத்துடா. சக்கு ஃபிளேஞ்சுல போல்ட் போட்டது. அது எங்க கழலும்? இந்த மாதிரி விளையாட்டு லேத்தெல்லாம் நான் தொட்டதே இல்ல."

"அப்புறம் ஏன் கேட்டீங்க?"

"அதுவா? பெரிய சக்கு, ஆஃப் பண்ணா நிக்க அரை நிமிஷம் ஆவும். அதுக்குள்ள கைய வச்சா ஃபோர்மன் கத்துவான். சும்மாத்தான் நிக்கணும். அந்த நேரத்துலதான் மூஞ்ச தொடைச்சுக்குவோம், தண்ணி குடிப்போம், பக்கத்து மிஷின்காரன்கிட்ட ரெண்டு வார்த்தை பேசுவோம். உன்னுது அரை செகண்டுன்னியா, அதான், இவன் எப்பத் தண்ணி குடிப்பான்னு நெனச்சேன்."

சுவிட்சைப் போட்டார். ஓடவிட்டு, காதைச் சாய்த்துக் கேட்டார், அணைத்தார். இருவரும் சக் சுற்றி ஓய்வதைப் பார்த்துக்கொண்டு நின்றோம்.

"இப்ப எவ்வளவு?"

"மூணு செகண்டு மாமா."

"பத்தாது" என்றார்.